மெயில் முழுக்கக் கெட்டிமேளம் கொட்டினால் தாலி கட்டுவது எப்போது?

வலங்கைமான் பக்கத்திலிருந்து பாரம்பரிய அரிசி விற்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அறுநூறு வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புறேன் அண்ணே. முக்கியமானதை எல்லாம் போல்ட் பண்றேன், சிவப்பு போடறேன், அடிக்கோடும் போடறேன். பொங்கலுக்கு ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 8-ன்னு தெளிவா போட்டிருந்தேன். ஒன்பதாம் தேதி காலையில போன் மேல போன். இன்னும் டைம் இருக்கான்னு கேக்கறாங்க. எழுத்தை எப்படிப் போட்டாத்தான் கண்ணுல படும்?” கூடவே அந்த மெயிலையும் அனுப்பியிருந்தார்.

தம்பி, உங்கள் மெயிலை உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 92 சொல். அதில் 57 போல்ட். கருப்புக் கவுனி போல்ட், மாப்பிள்ளைச் சம்பா போல்ட், தூயமல்லி போல்ட். ‘இலவச டெலிவரி’க்கு மஞ்சள் பூச்சு. ‘உடனே முந்துங்கள்’ என்பதற்கு மூன்று ஆச்சரியக்குறி. ஜனவரி 8 எங்கே என்று தேடினேன். அதுவும் போல்ட்தான். பதினோராவது வரியில், டெலிவரிக்கும் போன் நம்பருக்கும் நடுவில், கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கிறது.

நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் நாயனம் விடியற்காலையிலிருந்தே வாசித்துக்கொண்டிருக்கும். அது பாட்டுக்கு அது, காபி பாட்டுக்குக் காபி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஐயர் விரலை ஆட்டிக் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்றதும் தவில் இடிக்கும். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவர்கூட எழுந்து அட்சதையைத் தேடுவார். அந்த அரை நிமிடத்துக்கு அவ்வளவு மரியாதை கிடைப்பது, அதற்கு முன்னால் தவில்காரர் அடக்கி வாசித்ததால். உங்கள் மெயிலில் பெண் அழைப்பிலிருந்து கட்டுச்சாதம் வரைக்கும் கெட்டிமேளம். தாலி கட்டினது யாருக்கும் தெரியவில்லை.

இதை ஆராய்ச்சியாகவும் செய்திருக்கிறார்கள். ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1933-இல் காட்டியது இது: ஒரே மாதிரியானவை வரிசையாக இருக்கும்போது அவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் ஒன்றுதான் மனத்தில் தங்குகிறது. வேறுபட்டு நிற்பவை அதிகமானால் அவையே இன்னொரு வரிசை ஆகிவிடும், அவ்வளவுதான். 1997-இல் ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் மக்கள் வலைப்பக்கத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். 79% பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16% பேர்தான். அது ஆங்கிலப் பக்கங்களை வைத்துச் செய்தது, மெயிலும் இல்லை. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைத் தள்ளுகிறவர் அதைவிடப் பொறுமையாக உங்கள் அரிசி மெயிலைப் படிப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆகவே முதல் வேலை, எதை போல்ட் பண்ணுவது என்று முடிவு செய்வது. எப்படிப் பண்ணுவது என்பது பிறகு. நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்த மெயிலில் எதைத் தவறவிட்டால் வாசிக்கிறவருக்கு நஷ்டம்? கவுனி என்ற பெயரைத் தவறவிட்டால் நஷ்டமில்லை, அவர் உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர். ‘இயற்கை விவசாயம்’ அவருக்குத் தெரியும். கடைசித் தேதியைத் தவறவிட்டால்தான் பொங்கலுக்கு அரிசி இல்லை. ஆகவே அந்த மெயிலில் போல்டுக்குத் தகுதியானது தேதி ஒன்றுதான். வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு. மூன்றாவது கேட்டால் நான் தரமாட்டேன்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றுபோனது, உங்களுக்கு நினைவிருக்காது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு, அதனால் ஒரு சொல்கூட வீணாக எழுதமாட்டார்கள். மெயிலை எழுதி முடித்த பிறகு போல்ட் ஆன சொற்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அது ஒரு தந்தியாக நிற்க வேண்டும். உங்களுடையதில் அங்கங்கே பொறுக்கிப் படித்தேன்: “கருப்புக் கவுனி மாப்பிள்ளைச் சம்பா தூயமல்லி ரசாயன உரம் இலவச உடனே ஜனவரி 8 எங்கள் வயல்.” இந்தத் தந்தி என் வீட்டுக்கு வந்திருந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்தத் தந்தியின் நடுவில் ஒன்று கிடக்கிறதே, கவனித்தீர்களா? ‘ரசாயன உரம்’. நீங்கள் எழுதியது ‘ரசாயன உரம் போடாதது’. போல்டும் சிவப்பும் போட்டது முதல் இரண்டு சொல்லுக்கு. ‘போடாதது’ சாதாரணக் கறுப்பில் பின்னால் நடந்து வருகிறது. கண்ணை ஓட்டுகிறவருக்கு உங்கள் அரிசிப் பையின் மேல் சிவப்பில் ‘ரசாயன உரம்’ என்று தெரியும். காசு கொடுத்து நம்மையே நாம் திட்டிக்கொள்வது இதுதான்.

இது தமிழில் கூடுதலாக இருக்கும் ஆபத்து. ஆங்கிலத்தில் ‘இல்லை’ முன்னாலேயே வந்துவிடும். நமக்கு எதிர்மறை கடைசியில். வேற்றுமை உருபும் கடைசியில். முதல், வரை, க்குள், தவிர, இல்லாமல் எல்லாமே வாலில்தான் இருக்கிறது. தலையை மட்டும் போல்ட் பண்ணினால் அர்த்தம் வாலோடு போய்விடும்.

எனக்கே நடந்தது. பித்தளை விளக்கு விற்கும் ஒரு கடைக்குக் கார்த்திகைக்கு முன்னால் மெயில் தயாரித்தேன். ‘நவம்பர் 20 முதல் புது ஆர்டர் எடுக்க இயலாது’ என்பது செய்தி. நான் ‘நவம்பர் 20’ என்பதை மட்டும் அழகாக போல்ட் பண்ணினேன். பார்த்தவர்கள் அன்றைக்குக் கடையில் ஏதோ விசேஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். திருவாரூரிலிருந்து ஒரு குடும்பம் கார் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. கடைக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். அன்றிலிருந்து ‘நவம்பர் 20 முதல் ஆர்டர் இல்லை’ என்று வால் வரைக்கும் சேர்த்துத்தான் போல்ட். உங்களுக்கும் அப்படியே: ‘ஜனவரி 8-க்குள்’ என்பது முழுதாகத் தடிக்க வேண்டும், ‘க்குள்’ வெளியே நிற்கக் கூடாது.

இனி எழுத்துக்கு வருவோம். நான் பிழைப்பை ஆரம்பித்தது கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில், பத்திரிகையும் பிட் நோட்டீஸும் அடித்துக்கொண்டு. ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டிங் மெயிலுக்கு யோசனை சொல்கிற பாடமெல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதியது. அவர்களிடம் நாலு ஆயுதம்: போல்ட், இட்டாலிக், அண்டர்லைன், முழுக்கப் பெரிய எழுத்து. நம்மிடம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு கிடையாது, ஆகவே நாலாவது போச்சு. மீதி மூன்றில் இரண்டு நமக்கு ஒத்துவராது.

அண்டர்லைனை எடுங்கள். ஆங்கிலத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்து கொஞ்சம். தமிழில் ழ இறங்கும், கு, து, மு, று எல்லாம் இறங்கும். பல ஃபாண்ட்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமே கீழே தொங்குகிற அந்தச் சின்னச் சாய்வுதான். அதன் மேல் ஒரு கோட்டை இழுத்தால் ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகிவிடும். நீங்கள் அடிக்கோடு போட்டிருப்பது ‘உயர்ந்த தரம்’ என்பதற்கு. என் போனில் ‘உயர்ந்த தாம்’ என்று வந்தது. அது போகட்டும், அடிக்கோடு என்றால் லிங்க் என்று ஜனங்கள் பழகி முப்பது வருஷம் ஆகிறது. கோடு போட்ட இடத்தை விரலால் தட்டுவார்கள், ஒன்றும் திறக்காது, மெயிலே கெட்டுப்போயிருக்கிறது என்று மூடிவிடுவார்கள். லிங்க் இல்லாத எதற்கும் அடிக்கோடு வேண்டாம். இதில் விதிவிலக்கே இல்லை.

இட்டாலிக்கும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் ஃபாண்ட்களில் சாய்ந்த எழுத்து என்று தனியாக வரையவே இல்லை. நீங்கள் இட்டாலிக் பட்டனை அமுக்கினால் மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்து அப்படியே தள்ளிவிடுகிறது. காற்றடித்துச் சாய்ந்த சம்பாப் பயிர் மாதிரி இருக்கும், அறுக்கவும் முடியாது நிமிர்த்தவும் முடியாது. தமிழ் அச்சில் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட மேற்கோள்குறிதான் வழக்கம். அதுவே போதும்.

மிஞ்சியது போல்ட். அதுவும் நம் எழுத்தில் கவனமாகக் கையாள வேண்டியது. நம் எழுத்து வட்டமும் சுழியுமாக இருப்பது. சின்ன அளவில் தடிக்கவைத்தால் சுழிக்குள் மசி நிறைந்த மாதிரி ஆகும். ணை, ஞ, இ எல்லாம் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மேல் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள், முன்பின் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று சொல்வார்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். ஓலை படிக்கிற புலவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. உங்கள் வாடிக்கையாளருக்கு இல்லை.

அதனால் போல்டைத் தொடுவதற்கு முன்னால் எழுத்தின் அளவைச் சரிசெய்யுங்கள். ஆங்கிலத்துக்கு 14 பிக்சல் போதும் என்று மெயில் அனுப்பும் மென்பொருள் முடிவு செய்து வைத்திருந்தால் தமிழுக்கு 16 அல்லது 17 வையுங்கள், வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி விடுங்கள். அளவுச் சிக்கல் தமிழ் அச்சுக்குப் புதிதில்லை. நம்ம தரங்கம்பாடியிலேயே நடந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் வந்து இறங்கின. அளவில் ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றுவிடும். பொறையாற்றில் சிறிய எழுத்து வார்த்துத்தான் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அவர்களுக்குக் காகிதப் பஞ்சம். நமக்கு அது இல்லை, திரையில் இடம் சும்மா கிடக்கிறது. தாராளமாகப் பெரிசு பண்ணுங்கள்.

நீங்கள் ஆசைப்பட்டு வைத்திருக்கிற ஃபாண்ட் போய்ச் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயிலைத் திறக்கிற கருவியில் என்ன தமிழ் ஃபாண்ட் இருக்கிறதோ அதில்தான் பெரும்பாலும் தெரியும். ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ரொம்பப் பழைய கம்ப்யூட்டரில் லதா. நாலு பேருக்கு நாலு விதம். உங்கள் ஊர் டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் ‘வணக்கம்’ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய் நிற்கும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தது மட்டும்தான் போகும். இதற்குப் பயந்து சிலர் மெயில் முழுவதையும் ஒரே படமாக்கி அனுப்புகிறார்கள். படம் இறங்காத போனில் அது வெள்ளைக் காகிதம். போன் நம்பரைத் தொட்டால் கூப்பிடாது. பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஸ்கிரீன் ரீடர் என்றதும் இன்னொன்று. அது பொதுவாக போல்டை போல்ட் என்று சொல்லாது, எல்லாச் சொல்லையும் ஒரே குரலில்தான் வாசிக்கும். தேதி முக்கியம் என்பது வெறும் தடிப்பில் மட்டும் இருந்தால் கேட்கிறவருக்கு அது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வாக்கியத்திலும் இருக்க வேண்டும்.

வாக்கியத்தில் எப்படி? இதுதான் நம் சொந்த ஆயுதம், யாரும் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம். தமிழில் வினைக்கு ஒட்டி முன்னால் நிற்கிற சொல்லில் குரல் தானாக அழுந்தும். ‘நேற்று நான் தஞ்சாவூர் போனேன்’ என்றால் போன இடம் முக்கியம். ‘தஞ்சாவூருக்கு நான் நேற்றுதான் போனேன்’ என்றால் நாள் முக்கியம். போல்டும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், சொல்லை இடம் மாற்றினாலே போதும். நீங்கள் எழுதியது: ‘ஜனவரி 8-க்குள் ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பொங்கலுக்கு முன் அரிசி இலவசமாக அனுப்பப்படும்.’ இதில் அழுத்தம் ‘இலவசமாக’ என்பதில் விழுகிறது. போதாததற்கு அரிசியே இலவசம் என்றும் படிக்கலாம், டெலிவரிதான் இலவசம் என்று யாருக்குத் தெரியும்? இதைத் திருப்புங்கள்: ‘பொங்கலுக்கு அரிசி வேண்டுமென்றால் ஆர்டரை ஜனவரி 8-க்குள் கொடுத்துவிடுங்கள்.’ தேதி வினையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது அதை போல்டும் பண்ணினால் வாக்கியமும் எழுத்தும் ஒரே இடத்தைச் சுட்டும்.

அப்புறம் ஏகாரம், தான், உம். ‘எங்கள் வயலில் விளைந்தது’ என்பதற்கும் ‘எங்கள் வயலிலேயே விளைந்தது’ என்பதற்கும் நடுவில் வெளியில் வாங்கி விற்கிற வியாபாரிகள் அத்தனை பேரும் வெளியேறிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிரிநிலை ஏகாரம் என்று படித்தோமே, அது இதற்குத்தான். ‘ஒரு கிலோவும் அனுப்புவோம்’ என்பதில் அந்த உம் ஒரு முழு வாக்கியத்தின் வேலையைச் செய்கிறது: சின்ன ஆர்டர் என்று தயங்க வேண்டாம் என்று. வரிக்கு வரி ‘தான்’ போட்டால் அதுவும் கெட்டிமேளம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேதி மாதிரி முக்கியமான எண்ணைச் சொல்லாக எழுதாதீர்கள். ‘எட்டாம் தேதி’ என்பது வட்ட எழுத்துக் கூட்டத்தில் கரைந்துபோகும். ‘8’ என்பது தனியாக நிற்கும். தமிழ்ப் பத்தியில் இலக்கமே பாதி போல்ட்.

கலருக்கு வருகிறேன், சுருக்கமாக. ஒரு கலர் போதும், அதுவும் பட்டனுக்கும் லிங்குக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. நீங்கள் போட்ட பளீர் சிவப்பு வெள்ளைப் பின்னணியில் 4-க்கு 1 தான் தேறும், பாஸ் மார்க் இல்லை. வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.07, அதாவது எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அரக்குச் சிவப்பு போட்டால் பத்துக்கு மேல் போகிறது, நம் கண்ணுக்கும் பட்டுப்புடவைக் கரை மாதிரிப் பழகினது. சிவப்பு-பச்சை பிரித்தறியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஆகவே ‘பச்சையில் இருப்பவை கையிருப்பு, சிவப்பில் இருப்பவை தீர்ந்தவை’ என்று எழுதாதீர்கள். பக்கத்திலேயே ‘தீர்ந்துவிட்டது’ என்று ஒரு சொல் போடுங்கள். மஞ்சள் ஹைலைட்டை எடுத்துவிடுங்கள். இருட்டுத் திரை வைத்திருக்கிறவர் போனில் மென்பொருள் கலரைத் தலைகீழாக்கும்போது மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வந்து உட்காரும் ஆபத்து உண்டு.

தேதியைச் சுற்றித் தடித்த கறுப்புக் கட்டம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பலர் கேட்டிருக்கிறார்கள். போடாதீர்கள். கறுப்புக் கட்டத்துக்குள் தேதி என்றால் நம் ஊரில் அது கண்ணீர் அஞ்சலி. பேருந்து நிலையச் சுவரில் தினம் பார்க்கிறோம். கட்டம் வேண்டுமென்றால் கோடில்லாமல் வெளிர் நிறப் பின்னணி மட்டும் கொடுங்கள்.

உங்கள் மெயிலில் சில இடங்களில் சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி தெரிந்தது: *தூயமல்லி* என்று. வாட்ஸப்பில் எழுதி அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். வாட்ஸப்பில் அது போல்ட் ஆகும், மெயிலில் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்கும். வேர்டிலிருந்து ஒட்டுவது இதைவிட மோசம். கண்ணுக்குத் தெரியாத ஃபாண்ட், கலர் குறியீடு எல்லாம் மூட்டையாகக் கூட வரும். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகிற மெயிலை நறுக்கிவிட்டு மீதியைப் பார்க்க ஒரு லிங்க் வைக்கும். நமக்கு இதில் கூடுதல் பாரம் உண்டு. மெயிலில் வழக்கமான UTF-8 யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், உயிர்மெய்யில் துணைக்குறி தனிக் கணக்கு. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘காவிரி’ 18 பைட். நறுக்கினால் போவது அடிப்பகுதி, அங்கேதான் உங்கள் முகவரியும் ‘இனி மெயில் வேண்டாம்’ லிங்கும் இருக்கின்றன. ஃபார்மேட்டிங் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, மெயில் மென்பொருளுக்குள் வைத்து போல்ட் பண்ணுங்கள்.

அந்த லிங்க் தொலைந்தால் என்ன ஆகும் தெரியுமா? வேண்டாதவர் விலகத் தேடமாட்டார், ஸ்பேம் பட்டனை அமுக்குவார். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் வைத்திருக்கிற விதியில் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. உங்கள் அறுநூறில் அது கிட்டத்தட்ட இரண்டே பேர். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் முழுக் கெடுபிடி என்றாலும், பழக்கத்தை இப்போதே சரியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு போல்ட் கூடிப்போனதால் மட்டும் மெயில் ஸ்பேமுக்குப் போய்விடாது. கூச்சல் மெயிலைப் பார்த்த மனுஷன் எரிச்சலில் அமுக்குகிறானே, அதுதான் அனுப்புகிறது.

சப்ஜெக்ட் லைனில் போல்ட் கிடையாது. ஆங்கிலத்தில் சிலர் கணிதத்துக்காக யூனிகோடில் வைத்திருக்கிற தடித்த எழுத்துகளைத் திருடிப் போடுகிறார்கள், ஸ்கிரீன் ரீடர் அதைக் கண்டபடி வாசிக்கும். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை, நல்லதாயிற்று. அங்கே முதல் மூன்று நாலு சொல்தான் போனில் தெரியும். ‘வணக்கம் அன்பார்ந்த வாடிக்கையாளர்களே’ என்று ஆரம்பித்தால் அந்த இடம் வணக்கத்துக்கே போய்விடும். ‘ஜனவரி 8-க்குள் பொங்கல் அரிசி ஆர்டர்’ என்று ஆரம்பியுங்கள். வணக்கம் உள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் மெயிலை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“வணக்கம். இந்த வருஷமும் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி மூன்றும் இருக்கின்றன. எங்கள் வயலிலேயே விளைந்தவை, ரசாயன உரம் படாதவை.

பொங்கலுக்கு அரிசி கையில் வேண்டுமென்றால் ஆர்டரை ஜனவரி 8, வியாழன் மாலை 5 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருபவை பொங்கல் முடிந்துதான் கிளம்பும்.

ஐந்து கிலோவுக்கு மேல் டெலிவரிக்குக் காசு இல்லை. ஒரு கிலோவும் அனுப்புவோம்.”

அதன் கீழே ஒரு பட்டன், ‘அரிசி ஆர்டர் செய்ய’. இதில் போல்ட் ‘ஜனவரி 8’ என்பதில் ஆரம்பித்து ‘மணிக்குள்’ என்பதில் முடிகிறது. வேறெங்கும் இல்லை. கிழமையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: தேதியை நினைவில் வைக்காதவர்கூட வியாழக்கிழமையை வைத்திருப்பார். ‘அதற்குப் பிறகு’ என்ற வாக்கியம் மிரட்டல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். நடக்கப்போவதைச் சொல்வது மிரட்டல் ஆகாது. ‘உடனே முந்துங்கள்’ என்பதில்தான் மிரட்டல் இருக்கிறது, செய்தி இல்லை.

பாதிப் பேருக்குப் பழைய மாதிரியும் பாதிப் பேருக்குப் புது மாதிரியும் அனுப்பிச் சோதிக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். அறுநூறில் அது வேலைக்காகாது. ஒரு பக்கம் 9 ஆர்டர், இன்னொரு பக்கம் 12 என்று வந்தால் அது போல்டின் பெருமையா, அன்றைக்குச் சம்பளம் வந்த பெருமையா என்று சொல்லமுடியாது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். அது மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துப் போடும் கணக்கு. 2021-லிருந்து ஐபோனின் மெயில் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைக்க ஆரம்பித்துவிட்டது, யாரும் பார்க்காமலேயே ‘திறந்தார்’ என்று விழும். உங்களுக்கு வேண்டிய கணக்கு ஒன்றே: ஒன்பதாம் தேதி காலையில் எத்தனை போன்.

அனுப்புவதற்கு முன்னால் உங்கள் போனுக்கு ஒன்று, வீட்டில் அம்மா போனுக்கு ஒன்று அனுப்புங்கள். அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஐந்து நொடியில் வாங்கிக்கொண்டு, “என்னம்மா போட்டிருக்கு?” என்று கேளுங்கள். “எட்டாம் தேதிக்குள்ள சொல்லணுமாம்” என்றால் அனுப்புங்கள். “ஏதோ அரிசிடா” என்றால் திரும்ப உட்காருங்கள்.